சீட்டு ஒரு கடன். கடன் ஓர் அமானிதம்

(ரமலான் மளிகைச் சீட்டு வழங்குவது குறித்து ஊர்க் குடும்பத்தாரும் கடைக்காரர்களும் கூடிய கூட்டத்தில், நமது அறக்கட்டளையின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

இன்ஷா அல்லாஹ் இந்த ரமலானில் அரிசி மூட்டைக்குப் பதிலாக மளிகைச் சீட்டு தருவதென்று அறக்கட்டளை முடிவு செய்திருக்கிறது. மூட்டை வாங்க வெயிலில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அரிசி இருக்கிற வீட்டில் எண்ணெயும் பருப்பும் வாங்கிக்கொள்ளலாம். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் பால் பவுடர் வாங்கிக்கொள்ளலாம். யாருக்கு என்ன தேவை என்பதை அவரவர்தானே அறிவார்?

இந்த முடிவைச் சொன்னதும் பலரும் பல கேள்விகள் கேட்டார்கள். மீதிச் சில்லறைக்கு என்ன செய்வது? 100 ரூபாய்ச் சீட்டை யாராவது 80 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டால்? கடைசித் தேதி தாண்டிவிட்டால்? கடைக்காரருக்குப் பணம் எப்போது கிடைக்கும்? எல்லாமே நியாயமான கேள்விகள். விதிமுறைகளைக் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன், இதே கேள்விகள் நம் பாட்டன் பாட்டி காலத்திலும், அதற்கும் முன்னால் மதீனாவிலேயும் எழுந்த வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம். அதைக் கேட்டால், இந்த விதிமுறைகள் ஏன் வந்தன என்பது தானே விளங்கும்.

காலணா காணாமல் போன காலம்

இரண்டாம் உலகப்போர் 1939-இல் தொடங்கியது. அதன் சூடு நம் டெல்டாவை நேராகத் தாக்கியது 1942-இல்தான். அந்த ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. மார்ச் மாதத்தில் ரங்கூன் விழுந்தது. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னை நகரத்திலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சுடன் உள்ளூர்களுக்குக் கிளம்பினார்கள்.

நம் ஊர்களுக்கு இது எப்படிப்பட்ட அடி என்பதைச் சொல்லத் தேவையில்லை. நாகூர், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், ராஜகிரி, பண்டாரவாடை என்று எந்த ஊரை எடுத்தாலும், பல வீடுகளில் அடுப்பு எரிந்தது பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த பணத்தால். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் சென்றுவந்த ரஜூலா போன்ற கப்பல்களின் போக்குவரத்து நின்றது. மணியார்டர் நின்றது. உண்டியலும் நின்றது. 1945 வரை, சபுராளியின் கடிதம் வருமா என்று காத்திருந்த வீடுகள் எத்தனையோ.

பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றதால் மாகாணம் முழுவதும் தஞ்சாவூர் நெல்லைத்தான் பார்த்தது. நெல் விளைகிற ஊரிலேயே அரிசி விலை ஏறியது. இப்படிப்பட்ட நேரத்தில்தான் இன்னொரு கஷ்டமும் சேர்ந்தது. சில்லறைக் காசு மறைந்தது.

அன்றைய கணக்கு இளைஞர்களுக்குத் தெரிந்திருக்காது. 1 ரூபாய்க்கு 16 அணா. 1 அணாவுக்கு 4 காலணா, அதாவது 12 தம்பிடி. ஆக 1 ரூபாய்க்கு 64 காலணா, 192 தம்பிடி. பெரிய வியாபாரமும் நிலக்கிரயமும் ரூபாயில் நடக்கும். ஏழை வீட்டின் அன்றாடம் காலணாவிலும் தம்பிடியிலும் நடக்கும். உப்பு, வெற்றிலை, மண்ணெண்ணெய், கொத்துமல்லி எல்லாம் காலணாச் சரக்கு. ஆகவே ரூபாய் நோட்டு கிடைத்துச் சில்லறை கிடைக்காவிட்டால், கஷ்டப்படுபவர் பணக்காரர் அல்ல. காலணாவுக்கு வாங்கிக் காலணாவுக்கு விற்கிறவர்தான் முதலில் தவிப்பார்.

ஏன் மறைந்தது? போர்ச் செலவால் எங்கும் பணப்புழக்கம் பெருகி, சில்லறையின் தேவையும் பெருகியது. செம்பும் நிக்கலும் போர்த் தளவாடத்துக்குத் தேவைப்பட்டன. நாளை ஆட்சி யாருடையதோ என்ற பயத்தில் ஜனங்கள் காகித நோட்டைத் தள்ளிவிட்டு உலோகக் காசைப் பானையில் போட்டுப் புதைத்தார்கள். இந்த மூன்றாவது காரணத்தை நாம் மறக்கக் கூடாது. தட்டுப்பாட்டைப் போர் தொடங்கிவைத்தது என்றாலும், அதை முற்றச் செய்தது பதுக்கல்.

அரசாங்கம் செய்தது

1940 ஜூன் மாதமே அரசாங்கம், ஒருவர் தம் சொந்தத் தேவைக்கும் தொழில் தேவைக்கும் மேல் நாணயம் சேர்ப்பது குற்றம் என்று உத்தரவு போட்டது. அந்த ஆகஸ்டில் 1 ரூபாய் நோட்டைத் திரும்பக் கொண்டுவந்தது. முதல் உலகப்போரில் 1917 நவம்பர் 30-இல் வெளியாகி 1926-இல் நிறுத்தப்பட்ட நோட்டுதான் அது. 1943 மார்ச் 3-இல் 2 ரூபாய் நோட்டு வந்தது. வெள்ளி ரூபாயில் 12 பங்குக்கு 11 பங்கு வெள்ளி இருந்தது. 1940-இல் அதைப் பாதியாகக் குறைத்தார்கள். லாகூரில் 1943-இல் புதிய நாணயச்சாலை திறந்தார்கள்.

அதே 1943-இல் வந்ததுதான் ஓட்டைக் காலணா. நடுவில் பெரிய துளையோடு, மோதிரம் போல இருக்கும். செம்பை மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு அது. பழைய காலணாவின் எடையில் பாதிகூட இல்லை. ஆனாலும் அதன் மதிப்பு காலணாதான். இதில் கவனிக்க ஒரு விஷயம் உண்டு. உலோகம் பாதிக்கும் கீழே போன பிறகும் கடைக்காரர் அதைக் காலணாவாகவே வாங்கினார். காரணம், வெளியிட்டவர் அதைக் காலணாவாகத் திரும்ப ஏற்றுக்கொள்வார் என்ற நம்பிக்கை. சில்லறைக் காசு என்பதே ஒரு வகையில் வாக்குறுதிதான்.

ஜனங்கள் செய்தது

அரசாங்கக் காசு வந்து சேரும்வரை ஜனங்கள் சும்மா இருக்க முடியுமா? சமஸ்தானங்கள் பலவற்றில் சிறு அட்டைத் துண்டுகளையும் காகிதத் துண்டுகளையும் கூப்பனாக அச்சடித்துச் சில்லறைக்குப் பதிலாக விட்டார்கள். ஜூனாகத், மோர்வி, கோண்டல், ராஜ்கோட், நவாநகர், பாலிதானா, கட்ச், பிகானேர் ஆகிய சமஸ்தானங்களின் கூப்பன்கள் இன்றும் நாணயம் சேகரிப்போரிடம் இருக்கின்றன. அவை அந்தந்த வட்டாரத்துக்குள் பணமாகவே நடந்தன.

நம் பக்கத்துப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்கு அம்மன் காசு என்ற சொந்தச் செப்புக்காசு இருந்தது. தஞ்சாவூர் ஜில்லாவோ நேரடிப் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. இங்கே தனியார் எவரும் உலோகத்தில் காசு போல வில்லை அடித்துப் புழங்கவிடுவது 1889-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே நம் கடைவீதி வியாபாரி செம்பில் டோக்கன் அடிக்க வழியில்லை.

ஆனால் நம் மண்ணில் காசு இல்லாவிட்டாலும் நடக்கிற ஒரு பணம் இருந்தது. அது நெல். வயல் வேலைக்குக் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. அந்த நெல்லைக் கொடுத்து உப்பும் கருவாடும் காய்கறியும் வாங்கினார்கள். படி, மரக்கால், 12 மரக்கால் கொண்ட கலம் ஆகிய அளவுகளெல்லாம் நம் பெண்களுக்கு ரூபாய் அணாவைவிட நன்றாகத் தெரியும். ஆனால் இந்தப் பணத்திலும் ஒரு ஆபத்து இருந்தது. வாங்கும்போது குவித்து அளந்து, கொடுக்கும்போது தலை தட்டி அளக்கிற கை. அளவில் குறைப்போரைக் கண்டிக்கவென்றே திருக்குர்ஆனில் 83-ஆம் அத்தியாயம் இறங்கியிருக்கிறது என்றால், இந்தக் குற்றத்தின் கனத்தைப் புரிந்துகொள்ளலாம். காசு, கூப்பன், நெல் எதுவானாலும் அளக்கிற கையின் நேர்மைதான் அதன் உண்மையான மதிப்பு.

மூன்று சீட்டுகள், மூன்று முடிவுகள்

முதலாவது, இலங்கைச் சீட்டு. 1942-இல் இலங்கையிலும் சில்லறை கிடைக்கவில்லை. அரசாங்கம் 5, 10, 25, 50 சத நோட்டுகளை அச்சடித்தது. அதில் 5 சத நோட்டு ஒரு வேடிக்கையான அமைப்பு. தபால்தலைத் தாளில் இருப்பதுபோல நடுவில் துளைவரிசை இருக்கும். கிழித்தால் ஒரு பக்கம் 3 சதம், மறுபக்கம் 2 சதம். 2 சதத்துக்குச் சாமான் வாங்கியவர் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மடியில் வைத்துக்கொள்ளலாம். கொழும்பில் வியாபாரம் செய்த நம்மவர்கள் கல்லாவிலும் இந்தத் துண்டு நோட்டுகள் புழங்கியிருக்கும். நெருக்கடி நேரத்திலும், மீதி 2 சதம் ஏழைக்குச் சேர வேண்டும் என்று யோசித்து அச்சடித்த காகிதம் அது.

இரண்டாவது, வாழைமர நோட்டு. ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் சொந்த டாலர் நோட்டு அச்சடித்தார்கள். 10 டாலர் நோட்டில் வாழைமரப் படம் இருந்ததால் அந்தப் பெயர். கொண்டுவருபவருக்குக் கேட்டவுடன் பணம் தருவதாக அதில் வாசகமே இருந்தது. ஆனால் கணக்கு வழக்கில்லாமல் அச்சடித்தார்கள். விலைவாசி மலைபோல் ஏறியது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்து, அது செல்லாது என்று அறிவித்தார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் மூன்றரை வருடம் கடை நடத்தியவர்களின் சேமிப்பு வெறும் காகிதமானது. வாசகம் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், அதன் பின்னால் எடுத்துவைத்த பணம் இல்லையென்றால் அது வாக்குறுதி ஆகாது.

மூன்றாவது, அமெரிக்க வியாபாரியின் டோக்கன். 1861 முதல் 1865 வரை அங்கே உள்நாட்டுப் போர் நடந்தது. அங்கும் சில்லறை மறைந்தது. முதலில் தபால்தலையைச் சில்லறையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அது கையில் ஒட்டியது. பிறகு கடைக்காரர்கள் ஆளாளுக்குத் தங்கள் பெயரில் செப்பு வில்லை அடித்தார்கள். பலர் அதை ஒழுங்காக மாற்றிக் கொடுத்தார்கள். நியூயார்க்கில் லிண்டன்முல்லர் என்ற மதுக்கடைக்காரர் 1863-இல் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வில்லைகளைப் புழக்கத்தில் விட்டார். ஜனங்கள் அவற்றைக் குதிரை டிராமுக்குக் கட்டணமாகக் கொடுத்தார்கள். டிராம் கம்பெனியில் வில்லைகள் குவிந்தன. மாற்றிக் கொடுங்கள் என்று கம்பெனி கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார் என்று நாணய வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார்கள். கம்பெனிக்கு வழக்குப் போடவும் வழியில்லை. தனியார் காசு அடிப்பதை 1864-இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டோக்கன், கூப்பன், சீட்டு எந்தப் பெயரில் இருந்தாலும் அது கொடுத்தவர் மேல் உள்ள கடன். கையில் வைத்திருப்பவர் கடன் கொடுத்தவர். வெளியிட்டவர் கடனாளி. இந்த உறவு மறந்துபோகும்போதுதான் அநியாயம் தொடங்குகிறது.

மதீனாவின் தானியச் சீட்டு

இந்த விஷயத்தில் நமக்கு அமெரிக்காவைவிடப் பழைய பாடம் இருக்கிறது. மதீனாவுக்குச் செங்கடலில் அல்ஜார் என்றொரு துறைமுகம் இருந்தது. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் கடும் வறட்சி ஏற்பட்ட பிறகு, எகிப்தின் தானியம் கப்பலில் அங்கே வந்து இறங்கியது. பிற்காலத்தில் மர்வான் மதீனாவின் ஆளுநராக இருந்தபோது, அந்தத் தானியத்தைப் பெறுவதற்கான சீட்டுகள் மக்களுக்கு வழங்கப்பட்டன. அரபியில் அதை ஸக்கு என்பார்கள்.

மக்கள் என்ன செய்தார்கள்? தானியத்தைக் கையில் வாங்குவதற்கு முன்பே, சீட்டையே ஒருவருக்கொருவர் விற்க ஆரம்பித்தார்கள். சீட்டு கை மாறி மாறிப் போனது. இதைக் கண்ட ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் மற்றொரு நபித்தோழருடன் மர்வானிடம் நேரில் சென்று, வட்டியை ஆகுமாக்குகிறீரா என்ற கருத்தில் கண்டித்தார்கள். மர்வான் காவலர்களை அனுப்பி, அந்தச் சீட்டுகளை வாங்கியவர்களின் கையிலிருந்து பறித்து உரியவர்களிடம் திரும்பச் சேர்த்தார். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இந்தச் செய்தி இருக்கிறது. அபூஹுரைரா (ரலி) அவர்கள் மர்வானைக் கண்டித்ததாக ஸஹீஹ் முஸ்லிமிலும் இருக்கிறது.

சீட்டை முதலில் பெற்றவர் விற்பதற்கும், அவரிடம் வாங்கியவர் கைப்பற்றாமலேயே மறுபடி விற்பதற்கும் வித்தியாசம் உண்டு என்று உலமாக்கள் நுணுக்கமாகப் பேசியிருக்கிறார்கள். மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடும் உண்டு. நம் ஊரில் ஷாஃபிஈயும் இருக்கிறார்கள், ஹனஃபியும் இருக்கிறார்கள். சட்ட விளக்கத்தை அவரவர் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று தெளிவு. ஏழைக்கென்று எழுதிய தானியச் சீட்டு வியாபாரச் சரக்காக மாறியபோது, நபித்தோழர்கள் அதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடவில்லை. ஆளுநரின் வாசலுக்கே போய்க் கேட்டார்கள்.

இன்னொரு படிப்பினையும் உண்டு. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தில் கடும் பஞ்சமும் விலையேற்றமும் வந்தன. கெய்ரோவில் கடைத்தெருவை மேற்பார்வையிடும் முஹ்தஸிப் பதவியில் இருந்தவரான அறிஞர் அல்மக்ரீஸி, அதன் காரணங்களை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். சில்லறைச் சாமானுக்கென்று இருந்த செப்புக் காசை அதிகாரிகள் அளவில்லாமல் அடித்துவிட்டதை, அழிவின் பெரிய காரணங்களில் ஒன்றாக அவர் காட்டினார். வாழைமர நோட்டுக்கு 500 வருடத்துக்கு முன்பே சொன்ன எச்சரிக்கை அது.

கடன் என்றால் அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் நம் மார்க்கத்தில் சிறியதல்ல. கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாவை நபி (ஸல்) அவர்கள் தாமே தொழவைக்காமல் நின்றதும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனுக்குத் தாம் பொறுப்பேற்ற பிறகே தொழவைத்ததும் நாம் அடிக்கடி கேட்டவைதான். வாரிசுகள் சொத்தைப் பிரிப்பதற்கு முன் மய்யித்தின் கடனை அடைக்க வேண்டும் என்பதும் தெரிந்ததுதான். கல்லாவில் தங்கிவிட்ட 2 ரூபாய் மீதியும் கடன்தான். அறக்கட்டளை கொடுத்த 10 ரூபாய்ச் சீட்டும் கடன்தான்.

நமது சீட்டுக்கான விதிமுறைகள்

இனி, எல்லோரும் காத்திருந்த விஷயத்துக்கு வருகிறோம். ஒவ்வொரு விதிக்கும் காரணம் மேலே சொன்ன வரலாற்றில் இருக்கிறது.

முதலில், அறக்கட்டளைக்கான விதிகள்.

1. வங்கிக் கணக்கில் எவ்வளவு தொகை இதற்கென்று ஒதுக்கிவைக்கப்பட்டதோ, அந்தத் தொகைக்கு மட்டுமே சீட்டு அச்சிடுவோம். ஒரு சீட்டுகூட அதிகம் இருக்காது. அச்சிட்ட எண்ணிக்கையும் ஒதுக்கிய தொகையும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

2. ஒரு குடும்பத்துக்கு 1,500 ரூபாய். இதில் 100 ரூபாய்ச் சீட்டு 10, 50 ரூபாய்ச் சீட்டு 8, 10 ரூபாய்ச் சீட்டு 10 இருக்கும். எல்லாவற்றையும் 500 ரூபாய்ச் சீட்டாக அடித்தால் அச்சுக்கூலி குறையும். ஆனால் அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிற வீட்டுக்குச் சின்னச் சீட்டுதான் உதவும்.

3. சீட்டில் வரிசை எண்ணும் குடும்ப எண்ணும் இருக்கும். பெயர் இருக்காது. வாங்குபவரின் மானம் காக்கப்பட வேண்டும். அதே நேரம், யார் கையில் இருந்தாலும் பணம் என்கிற மாதிரிச் சீட்டு வெளியிட நமக்குச் சட்டப்படி உரிமை இல்லை. அது ரிசர்வ் வங்கிக்கு உரியது. உலோகத்தில் டோக்கன் செய்யப்போவதில்லை. 1889-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2011 நாணயச் சட்டமும் உலோகத் துண்டைப் பணமாகப் புழங்கவிடுவதைத் தடுக்கிறது.

4. ஈத் முடிந்ததும் சீட்டு செத்துப்போகாது. ஷவ்வால் கடைசிவரை கடையில் செல்லும். அதற்குப் பிறகும் பயன்படுத்தாமல் இருந்தால், அலுவலகத்தில் கொடுத்து அதே மதிப்புக்குப் பொருளாகவோ தொகையாகவோ பெற்றுக்கொள்ளலாம். கடனுக்குக் காலாவதி கிடையாது.

அடுத்து, கடை முதலாளிமார்களுக்கான வேண்டுகோள்.

1. ரொக்கத்துக்கு என்ன விலையோ, சீட்டுக்கும் அதே விலை. எடையும் அதே எடை. சரக்கும் அதே சரக்கு. சீட்டில் வருபவருக்கென்று பழைய அரிசியைத் தள்ளிவைக்க வேண்டாம்.

2. 10 ரூபாய்க்குக் குறைந்த மீதியை நாணயமாகக் கொடுங்கள். நாணயம் இல்லாவிட்டால் அவருடைய குடும்ப எண்ணில் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அவர் கேட்காமல் மிட்டாயையும் தீப்பெட்டியையும் மீதியாகத் திணிக்க வேண்டாம். வியாபாரம் இரு தரப்பின் சம்மதத்தில் நடக்க வேண்டும். வேண்டாத மிட்டாய்க்கு அந்தத் தாய் சம்மதிக்கவில்லை.

3. சேர்ந்த சீட்டுகளை ஒவ்வொரு வியாழக்கிழமையும் அஸருக்குப் பிறகு கொண்டுவாருங்கள். அன்றே முழுத் தொகையும் தரப்படும். கமிஷன் பிடித்தம் எதுவும் இல்லை. பெரிய கடை ஒரு மாதம் பொறுக்கும். தெருமுனைப் பெட்டிக்கடை பொறுக்காது. மறுநாள் மொத்தக் கடையில் சரக்கு எடுக்க அவருக்குக் காசு வேண்டும். அவரும் நம் கவலைக்குரியவர்தான்.

இறுதியாக, குடும்பங்களுக்கான வேண்டுகோள்.

1. சீட்டைக் குறைந்த விலைக்கு விற்காதீர்கள். மருந்துக்கோ, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கோ கையில் ரொக்கம் தேவைப்பட்டால் வெளியாளிடம் போக வேண்டாம். அலுவலகத்துக்கு வாருங்கள், பெண்கள் வருவதானால் நமது மகளிர் குழுவினரிடம் சொல்லுங்கள். 100 ரூபாய்ச் சீட்டுக்கு 100 ரூபாயே தருவோம். காரணத்தைப் பதிவேட்டில் எழுத மாட்டோம். தேவையுள்ளவரைக் குற்றம் சொல்லி 80 ரூபாய் வியாபாரத்தை நிறுத்த முடியாது. முழு விலை கிடைக்கிற வாசல் ஒன்று திறந்திருந்தால்தான் அது நிற்கும்.

2. சீட்டை யாராவது குறைத்துக் கேட்டாலோ, கடையில் விலை கூட்டிச் சொன்னாலோ எங்களிடம் சொல்லுங்கள். கடைக்காரரைத் தனியாக அழைத்துப் பேசுவோம். தெருவில் வைத்து யாரையும் அவமானப்படுத்த வேண்டாம்.

இந்தச் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தொகை ஜகாத், ஸதகா நிதியிலிருந்து வந்தது. ஜகாத் என்பது கொடுப்பவரின் தயவு அல்ல, பெறுபவரின் ஹக்கு. 100 ரூபாய் ஹக்கை 80 ரூபாய்க்கு வாங்குபவர் அறக்கட்டளையை ஏமாற்றவில்லை. ஏழையின் கையிலிருந்து 20 ரூபாயை எடுக்கிறார். இதை வியாபாரத் திறமை என்று யாரும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

அன்றாடச் சில்லறையும் அமானிதமே

ரமலான் சீட்டோடு இது முடிவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் தமிழ்நாட்டில் 10 ரூபாய் நாணயம் செல்லாது என்று ஒரு வதந்தி பரவியது. பஸ்ஸில் வாங்கவில்லை, கடையில் வாங்கவில்லை. வெவ்வேறு காலத்தில் வெளிவந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கம் தந்த பிறகும் பல இடங்களில் தயக்கம் தீரவில்லை. அப்போது கையில் நாணயம் வைத்திருந்து பரிதவித்தவர்கள் யார்? பூ விற்பவர், கீரை விற்பவர், கட்டட வேலைக்குப் போய்க் கூலி வாங்கியவர். 1942-இல் யார் தவித்தார்களோ, அதே வகையினர்தான்.

சில்லறையைப் பதுக்குவதும் உருக்குவதும் 1971-இல் தனிச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்குச் சுதந்திர இந்தியாவிலும் தொடர்ந்தன. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம் வீட்டு உண்டியலில் சேர்ந்து கிடக்கும் 1 ரூபாய், 2 ரூபாய் நாணயங்களை மாதம் ஒரு முறை பக்கத்துக் கடையில் மாற்றிக் கொடுத்தால், அது அந்தக் கடைக்கு உதவி. அந்தக் கடைக்கு வரும் ஏழைக்கும் உதவி. பள்ளிவாசல் உண்டியல் நாணயங்களையும் இனி ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் பிறகு எண்ணி, தேவைப்படும் சிறு கடைகளுக்கு நோட்டுக்கு மாற்றாகக் கொடுக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

பிள்ளைகளைக் கடைக்கு அனுப்புகிறோம். மீதியை எண்ணி வாங்கி வரச் சொல்லிக்கொடுக்கிறோம். அதோடு, கடைக்காரர் தவறி 5 ரூபாய் கூடக் கொடுத்துவிட்டால் திரும்ப ஓடிப்போய்க் கொடுக்கவும் சொல்லிக்கொடுப்போம். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பிள்ளை கொடுக்கல் வாங்கலைக் கற்றுக்கொண்டதாகும்.

ஷஅபான் கடைசி வாரத்தில் சீட்டுகள் வீடு தேடி வரும். சீட்டை ஏற்கும் கடைகளில் பச்சை அட்டை தொங்கும். சேர விரும்பும் கடைக்காரர்கள் இந்தக் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம். சிறு கடைகளுக்கு முன்னுரிமை உண்டு.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றுபவர்களாகவும், அளவையும் நிறுவையையும் நிறைவாகத் தருபவர்களாகவும், எளியவரின் ஒரு ரூபாயையும் அமானிதமாகப் பேணுபவர்களாகவும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! கடல் கடந்து போய்த் திரும்ப முடியாமல் அங்கேயே அடங்கிய நம் முன்னோர்களின் கப்றுகளை ஒளிமயமாக்குவானாக! அவர்களுக்காகக் காத்திருந்து பொறுமை காத்த நம் தாய்மார்களுக்கு உயர்ந்த கூலியை வழங்குவானாக! வரவிருக்கும் ரமலானை நம் ஊருக்குப் பரக்கத்தான மாதமாக ஆக்குவானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.